கடலைப் பார்த்த அன்டெனா

மகளுக்கு,

நீ டவர்க் கம்பனி வேலைக்கு என்று கொழும்புக்குப் போய் நான்கு நாளாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறாய். ஒவ்வொரு நாளும் நான் அறையில் காற்றாடி சுற்றுகிறதா, சாப்பாட்டில் உறைப்புக் கூடவா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு உம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுகிறேன். நீ கேட்க வாயெடுப்பதைக் கேட்க விடாமல் ஓடுகிறேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபத்தைந்து வருடமாக போன் டவரில் ஏறி ஊருக்கெல்லாம் பேச்சுக் கொடுத்தவன் சொந்த மகளோடு பேசக் கடதாசி தேடுகிறான் என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் சொல்லத் தொடங்கினால் பாதி வழியில் வேறு கதைக்குப் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஆகவே இதைப் பொறுமையாக வாசி, நடுவில் போனை எடுத்து என்னைக் கூப்பிடாதே.

நீ புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹனீபா மாமா சிலாவத்துறையிலிருந்து உன்னை வழியனுப்ப வந்தார் அல்லவா. உம்மாவுக்கு இருக்கிற ஒரே தம்பி. விளைமீன் கொண்டுவந்தார், உம்மா ஆணம் காய்ச்சினாள், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். மாமா பாதிச் சோறு முடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துக் கேட்டார். "மகள், நீ இதைத்தான் படிச்சனி. போனில சிக்னல் ஒரு கோடு காட்டினா கோல் போகத்தான் வேணுமோ?"

நீ யாருடைய முகத்தையும் பார்க்காமல், பரீட்சையில் விடை எழுதுகிறவள் மாதிரிச் சொன்னாய். "இல்லை மாமா. டவரின்ர சத்தம் பெரிசு, அது எங்களுக்குக் கேக்கும். எங்கட போனின்ர சத்தம் சின்னன். அது டவருக்குக் கேக்காமப் போகலாம். அப்ப கோடு காட்டும், கோல் போகாது." மாமாவின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. நீ என் பக்கம் திரும்பினாய். "வாப்பா, அண்டைக்கு டவரில என்ன நடந்தது?"

நான் உம்மாவிடம் அப்பளம் கேட்டேன். என் பீங்கானில் ஏற்கெனவே இரண்டு அப்பளம் இருந்தது. நீ அதைப் பார்த்தாய், மாமாவும் பார்த்தார். பின்னேரம் ஸ்டேஷனில் உன் பெட்டியை ஏற்றிவிடும்போது கூட நீ என் கண்ணைப் பார்க்கவில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: அன்றைக்கு டவரில் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு ஒன்பது நாளுக்கு முன்னால் நடந்தது. நடத்தியவன் நான்.

பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடிக் கிடந்த வருடம் உனக்கு ஞாபகம் இருக்கும். உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச மாதம். அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கதிரையைப் போட்டு, புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைத்துப் பௌதிகம் படித்தாய். படித்தாய் என்று சொல்வதா! மிஸ்ஸுடைய முகம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கும், குரல் விட்டு விட்டு வரும், ஒரு கணக்கின் முதல் வரி கேட்டால் கடைசி வரி கேட்காது. ஒரு நாள் கொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாய். "டவர் தலைக்கு மேல நிக்குது, எங்களுக்கு மட்டும் ஏன் வாப்பா வேகம் இல்லை" என்று கேட்டாய். கம்பனி அப்படித்தான் என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு வெளியே போனேன். காரணம் எனக்குத் தெரியும், மகள். நம் தாராபுரத்தில் வேறு ஒருத்தருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

நம்முடைய டவரில் மூன்று பக்கத்துக்கு மூன்று அன்டெனா. வடக்குப் பக்கத்தது நம் வீட்டுக்கு மேலாகக் கடலைப் பார்த்து நிற்கிறது. டவர் எழும்பியபோது வந்த பொறியியலாளர் கடலில் தொழில் செய்கிறவர்களையும் நினைத்து அதைக் கிட்டத்தட்ட நேராக, இரண்டே பாகை கீழே சாய்த்து வைத்தார். அலை அப்படியே நம் கூரைக்கு மேலால் போய் நீருக்கு மேல் நீண்டு பரவும். நமக்குக் கிடைப்பது அதன் விளிம்பில் சிந்துகிறது மட்டும். அது ஒரு காரணம். மற்றது, நீ பிறகு எனக்குக் கலண்டரின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினாயே, அது. அலைவரிசையை நூற்றுக்கணக்கான மெல்லிய கீற்றுகளாக வகுத்து, ஒவ்வொரு மில்லிசெக்கனுக்கும் எந்தக் கீற்று எந்தப் போனுக்கு என்று டவர் பங்கு வைக்கிறது. பக்கத்தில் தெளிவாகக் கேட்கிற போனுக்கு ஒரு கீற்றில் ஒரே தடவையில் ஆறு பிட் ஏற்றலாம். கடலில் தூரத்தில் கிடக்கிற போனுக்கு அப்படி ஏற்றினால் ஒன்றும் விளங்காது. இரண்டு இரண்டு பிட்டாக, சொன்னதையே திரும்பவும் சொல்லிச் சொல்லி அனுப்ப வேண்டும். அதே பாட்டு, அதே படம், ஆனால் தூரத்துப் போன் நேரத்தில் அள்ளிக்கொண்டு போகிற பங்கு பல மடங்கு. படகில் இருந்து ஒருத்தர் படம் பார்த்தால் கரையில் நாலு பிள்ளைகளின் வகுப்பு திக்கும். இந்தப் பெயரெல்லாம் நீ படித்து வந்து சொன்னவை. எனக்குப் பெயர் தெரியாத காலத்திலேயே விஷயம் கையில் தெரியும்.

அதனால் ஒரு திங்கட்கிழமை காலையில் ஸ்பேனரை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினேன். யாரும் சொல்லவில்லை, எந்தக் கந்தோரிலிருந்தும் உத்தரவு வரவில்லை. மேல் பிடியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, வடக்குப் பக்கத்து அன்டெனாவை இரண்டு பாகையிலிருந்து எட்டுப் பாகைக்குச் சாய்த்து இறுக்கினேன். இந்தக் காலத்து அன்டெனாவில் உள்ளுக்குள் மோட்டார் இருக்கிறது, நீ கொழும்பில் கதிரையில் இருந்துகொண்டே ஓர் எண்ணை மாற்றினால் அலை சாயும். நான் முழு அன்டெனாப் பலகையையும் கையால் சாய்த்தேன். முழுப் பலகையும் சாய்ந்தால் இன்டர்நெட் மட்டும் சாயாது. பழைய கோல் போகிற அலையும் அதற்குள்தான் இருக்கிறது, அதுவும் சேர்ந்து சாயும். வேலைப் புத்தகத்தில் "போல்ட் இறுக்கினேன், துரு துடைத்தேன்" என்று எழுதிவிட்டு இறங்கினேன்.

அன்று பின்னேரம் நீ குசினிக்கு ஓடிவந்து, "மிஸ்ஸின்ர முகம் வடிவாத் தெரியுது வாப்பா, பின்னால தொங்குற மணிக்கூட்டில நேரம்கூடத் தெரியுது" என்று சொன்னாய். எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்ல. புத்தளத்தில் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் ஒரு கொந்தராத்துக்காரருக்குப் பின்னால் கம்பி சுமந்து இந்தத் தொழிலைப் பழகியவன் நான், பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். என் மகள் பொறியியலாளராக வருவதற்கு என்னால் செய்ய முடிந்தது ஆறு பாகை. அன்று நிம்மதியாகத் தூங்கினேன். தெரியாமல் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. கடல் போகும் என்று தெரிந்துதான் சாய்த்தேன். தொற்றுக் காலம், ஓடுவது நாலைந்து போட், அவர்களும் பாட்டுக் கேட்கத்தானே போனைத் தட்டுகிறார்கள், பரீட்சை முடிந்ததும் நிமிர்த்திவிடுவேன் என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நாலைந்து போட்டில் ஒன்று உன் மாமாவுடையது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பியிருந்தது. மாமாவும் அவரோடு தொழில் செய்த ஜெமீலும் விடியலில் வலை எடுக்கப் போனார்கள், பத்து மணிக்குள் திரும்புகிற கணக்கு. ஒன்பது மணியளவில் எஞ்சினின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. ஜெமீல் குனிந்து வலையை அறுக்கும்போது போட் ஆடி, கத்தி வழுக்கி, இடது மணிக்கட்டுக்கு மேல் ஆழமாக இறங்கிவிட்டது. இரத்தம் நிற்கவில்லை. மாமா வலைக்கயிற்றால் கையை இறுக்கிக் கட்டினார், இரத்தம் நின்றது. எஞ்சின் கிளம்பவில்லை. காற்று போட்டை வடகிழக்கே, கரையை விட்டுத் தள்ளிக்கொண்டே போனது. மாமா பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தார். ஒரு கோடு காட்டியது. பையைப் பிரித்தால் தண்ணீர் பட்டுச் செத்துவிடும் என்று, எல்லோரும் கடலில் செய்கிற மாதிரி, பைக்கு மேலாலேயே நம் வீட்டு நம்பரை அமத்தினார். போகவில்லை. திரும்ப அமத்தினார். எழும்பி நின்று கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அமத்தினார். ஜெமீல் படுத்த இடத்தில் இருந்து, எடுத்தாச்சோ எடுத்தாச்சோ என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம்.

அந்த நேரம் அந்தப் போனுக்குள் என்ன நடந்திருக்கும் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். கோல் போகவேண்டும் என்றால் போன் முதலில் டவரின் கதவைத் தட்ட வேண்டும், உனக்குத் தெரியும். தட்டல் கேட்டால்தான் டவர் நேரம் ஒதுக்கும். கேட்காவிட்டால் போன் கொஞ்சம் பலத்தைக் கூட்டி மறுபடி தட்டும், அதற்கும் பதில் இல்லாவிட்டால் இன்னும் கூட்டித் தட்டும், தன் முழுப் பலமும் முடிந்த பிறகு விட்டுவிடும். டவர் பெரிய பலத்தோடு பேசுவதால் சாய்ந்த அன்டெனாவின் மிச்சம் மீதியாவது கடலுக்குப் போய் ஒரு கோட்டைக் காட்டியது. போனின் பலமோ ஒரு டோர்ச் பல்ப்புக்குக்கூடக் காணாது. அன்டெனா பேசுகிற வாய் மட்டுமில்லை, கேட்கிற காதும் அதுதான். அந்தக் காதை நான் நம் வீட்டுக் கூரைப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். மாமாவின் போன் ஒவ்வொரு தடவையும் தட்டித் தட்டி ஓய்ந்திருக்கிறது. கேட்காத தட்டலுக்கு டவரில் பதிவும் கிடையாது.

பதினொரு மணிக்கு உம்மா தம்பி இன்னும் வரவில்லை என்று தொடங்கினாள். பன்னிரண்டுக்கு நானும் கரைக்குப் போனேன். கடற்படைக்குச் சொல்லியாகிவிட்டது, இரண்டு போட் தேடப் போயிருந்தது, ஆனால் போட் எந்தப் பக்கம் அடிபட்டுப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெமீலின் மனைவி கைக்குழந்தையோடு மணலில் உட்கார்ந்து அழாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிபோல, போட்டுகள் வைத்திருக்கிற வயதான சம்மாட்டி ஒருவர், அவர்கள் வலை போட்ட இடத்திலிருந்து எப்பவும் கோல் போகும், நான் எத்தனையோ தரம் எடுத்திருக்கிறேன், இன்றைக்கு ஏன் ஒரு கோல்கூட வரவில்லை என்று சத்தமாகவே யோசித்தார். அதுவரைக்கும் எனக்கு அந்த ஆறு பாகை ஞாபகம் வரவே இல்லை என்றால் நீ நம்புவாயா? எனக்கே நம்ப முடியவில்லை. ஒன்பது நாளில் அது எனக்கு வீட்டு வேகமாகிவிட்டிருந்தது, கடலாக இருக்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். சோளகத்தில் தனியாக டவரில் ஏறக்கூடாது, ஒருத்தர் கீழே நிற்க வேண்டும், அந்தச் சட்டம் எல்லாம் உன் கம்பனியில் இன்னும் இருக்கும். ஏறினேன். பாதி ஏணியில் காற்று உடம்பைக் கம்பியிலிருந்து பிய்த்து எடுக்கப் பார்த்தது. மேலே போய் இடுப்புப் பட்டியின் கொழுவியைக் கம்பியில் மாட்டிக்கொண்டு போல்ட்டில் ஸ்பேனரை வைத்தால் அசையவில்லை. ஒன்பது நாள் உப்புக் காற்று, நானே இறுக்கிய இறுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினேன், ஸ்பேனர் வழுக்கி என் முழங்கை கம்பியில் அடித்தது. இங்கிருந்து கடல் முழுக்கத் தெரிகிறது, வெள்ளை வெள்ளையாக அலை உடைகிறது, ஒரு போட்டும் இல்லை. யா அல்லாஹ், இந்தப் போல்ட் கழன்றால் போதும் என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். சுத்தியல் இல்லாததால் இடுப்பிலிருந்த பெரிய ஸ்பேனரால் சின்ன ஸ்பேனரின் பிடியில் அடித்தேன். பதினைந்து தரமோ இருபது தரமோ. கழன்றது. பலகையை நிமிர்த்தி, கண்ணால் பார்த்தே இரண்டு பாகையில் நிறுத்தி இறுக்கினேன்.

என் சட்டைப் பையில் போன் அடித்தது. நீ. எரிந்து விழுந்தாய். "வாப்பா, கிளாஸ் திருப்பியும் உடையுது, என்ன செய்யுறாங்கள் டவரில?" கொஞ்சம் பொறு மகள் என்று சொன்னேன். போனை வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, திரும்ப நீயே எடுத்தாய். "வாப்பா, மாமா கதைச்சவர். ஜெமீல் காக்காவுக்குக் கை வெட்டுப்பட்டிருக்காம். அவங்கள் நிக்கிற இடத்தைச் சொன்னவர்." நான் அந்த உயரத்தில் டவர்க் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போது மணி நாலு.

போட் போய் இழுத்து வந்தது. அலையடித்த அடியில் மாமாவின் போன் உப்புத் தண்ணீர் குடித்துச் செத்துப் போயிருந்தது, எத்தனை தரம் கோல் எடுத்தார் என்று அதில் பார்க்க வழியில்லை. ஜெமீலின் உயிர் தப்பியது, கை தப்பவில்லை. கயிறு கட்டி ஏழு மணித்தியாலத்துக்கு மேல் இரத்தம் போகாமல் இருந்த கையை வெட்டித்தான் எடுத்தார்கள். ஓரிரு மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அந்த ஒரு சொல்லில் இருந்துதான் மற்றதெல்லாம் தொடங்கியது. நாலு மணிக்கு வேலை செய்த போன் ஒன்பது மணிக்கு ஏன் வேலை செய்யவில்லை? ஜெமீலின் ஆட்களுக்குப் பதில் தோன்றிவிட்டது. ஹனீபா இந்தியக் கடல் எல்லை தாண்டி வலை போட்டிருப்பார், பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தில், போட் காற்றில் அடிபட்டு எல்லைக்கு உள்ளே வரும்வரை கோல் எடுக்காமல் கையில் போனை வைத்துக்கொண்டு நாடகம் ஆடியிருப்பார் என்றார்கள். ஜெமீலே அதைச் சொன்னான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவன் கண் முன்னால் ஒரு கோடு காட்டியது, கோல் போகவில்லை.

தடைகள் நீங்கிய பிறகு பள்ளிவாசலில் விசாரணை வைத்தார்கள். ஊருக்குள் நடப்பதை ஊருக்குள்ளேயே தீர்க்கிற வழக்கம், நல்ல எண்ணத்தோடுதான் கூடினார்கள். மாமா நடந்ததை நடந்தபடி சொன்னார். அந்த இடத்தில் எப்பவும் கோல் போகுமே என்று சம்மாட்டிமார் சொன்னார்கள். அப்போது நிர்வாகத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். டவர்க்காரர் நம்மிடையே இருக்கிறார், மைத்துனர் என்றும் பார்க்காமல் உள்ளதைச் சொல்லட்டும் என்றார். பள்ளிக்குள், கிப்லாவைப் பார்த்துத் தொழுகிற இடத்தில் நின்றேன். "அண்டைக்கு டவரில ஏதும் பிழை இருந்ததோ?"

கம்பனியின் பதிவில் அன்றைக்கு ஓர் எச்சரிக்கைகூட இல்லை. மின்சாரம் இருந்தது, அலை இருந்தது, ஊர் முழுக்கக் கோல் போனது. அன்டெனா எத்தனை பாகையில் நிற்கிறது என்று டவருக்குத் தெரியாது, ஏறிய ஆளுக்கு மட்டும்தான் தெரியும். நான் சொன்னேன்: "டவரில ஒரு பிழையும் இருக்கேல்ல." சொன்ன வசனத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, மகள். அதை எத்தனை தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உள்ளதைச் சொன்னால் வேலை போகும், பொலிஸ் வரும், நீ பரீட்சை எழுதி முடிவுக்குக் காத்திருக்கிறாய், இந்த நேரத்தில் வீட்டைக் குலைக்கலாமா என்று நினைத்தேன். அப்படி நினைக்கத் தெரிந்த மூளைக்கு, எதிரே நிற்கிற மனிதனின் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. மாமா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ பின்னாலிருந்து, ஈரப் பைக்கு மேலால் அமத்தியது போனில் பட்டதோ என்னவோ, மனுசன் பயத்தில் சும்மா தடவிக்கொண்டு நின்றிருப்பார் என்று இரக்கமாகச் சொன்னார். அதுதான் அவருக்குக் கிடைத்த இரக்கம். மாமாவின் போட்டையும் எஞ்சினையும் நட்டஈடாக ஜெமீலுக்குக் கொடுப்பது என்று முடிவானது. மாமா சாவியைத் தலைவரின் கையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு நம் கரையில் அவரோடு ஒருத்தரும் கடலுக்கு இறங்கவில்லை. மாமியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிலாவத்துறைக்குப் போய், இன்றைக்கு வரைக்கும் மற்றவர்களின் போட்டில் கூலிக்குப் போகிறார். ஒவ்வொரு பெருநாளுக்கும் மீனோடு நம் வீட்டுக்கு வருவார். நான் அவருடன் காற்றைப் பற்றியும் டீசலைப் பற்றியும் கதைப்பேன். நீ பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டதும் முதலில் இனிப்பு வாங்கிவந்தது அவர்தான். அந்த இனிப்பை நான் தின்றேன்.

இனி உனக்கு. உன்னை இருத்தியிருக்கிற பகுதி என்னவென்று கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. எந்த டவர் எத்தனை பாகை, எவ்வளவு பலம் என்று முழு நாட்டுக்கும் எண் போடுகிற பகுதி. நீ அன்டெனாவைக் கையால் தொடமாட்டாய், உப்புத் துரு உன் விரலில் படாது. திரையில் வேகம் கூடினால் பச்சை வரும். அன்றைக்கு என் டவர் முழுக்கப் பச்சைதான், நம் வீட்டு வேகத்தைப் பார்த்திருந்தால் எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். நீ ஒரு பக்கத்தைத் தாழ்த்தும் ஒவ்வொரு நாளும், அந்தப் பக்கத்தின் கடைசியில் இருக்கிறவர்கள் யார் என்று கேள். படத்தில் தெரியாவிட்டால், அந்த ஊரில் டவர் ஏறுகிற என்னைப் போன்ற ஒருத்தனுக்குப் போன் எடுத்துக் கேள். அவன் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகப்பட்டும் கேள். என்னைப் போன்றவர்கள் உண்மையை வைத்தே பொய் சொல்வோம்.

நாளைக்கு ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பள்ளியில் எழும்பி நின்று இதையெல்லாம் சொல்லப் போகிறேன். தலைவரிடம் நேரம் கேட்டுவிட்டேன், என்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஏன் சாய்த்தாய் என்று கேட்பார்கள். மகளின் படிப்புக்காக என்று சொல்லமாட்டேன், உன் பெயர் என் வாயில் வராது. என் வீட்டு வேகத்துக்காக என்று சொல்வேன், அதுதான் சரி. வேலை போகும். உன்னுடைய கந்தோர் வரைக்கும் கதை வரலாம், வந்தால் தலையைக் குனியாதே, வாப்பா செய்தார் என்று சொல். உம்மாவுக்கு நேற்று இரவு சொல்லிவிட்டேன். அவள் எழும்பிப் போய் நீ படுக்கிற அறையில் படுத்துவிட்டாள். ஜெமீலின் வீட்டுக்கு இன்று பின்னேரம் போகிறேன். அவன் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வேன்.

ஆனால் எல்லோருக்கும் முதல் மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று நேற்றுக் காலை பஸ் எடுத்துச் சிலாவத்துறைக்குப் போனேன். கரையில் வேறு யாருடையவோ வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, சாய்த்த நாளிலிருந்து நிமிர்த்திய நேரம் வரைக்கும், பள்ளியில் சொன்னதையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பார், அடிக்கட்டும் என்றுதான் இருந்தேன். அவர் வலையை மடியில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ மச்சான். அந்தத் தட்டுற கதையை" என்றார்.

போன் தட்டும், டவருக்குக் கேட்காது, பலத்தைக் கூட்டித் தட்டும், அப்போதும் கேட்காது என்று திரும்பச் சொன்னேன். மூன்றாம் தரமும் சொல்லச் சொன்னார், சொன்னேன். அவருடைய வலது கைப் பெருவிரல் போனை அமத்துகிற மாதிரித் தானாக அசைந்தது.

"இவ்வளவு காலமும் நான் என்ன நினைச்சனான் தெரியுமோ" என்றார். "எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கும் சந்தேகம் வந்திட்டுது. பயத்தில நான் அமத்தாமலே நிண்டிட்டனோ எண்டு. ஜெமீலின்ர கையை நான்தான் திண்டிட்டனோ எண்டு. படுத்தா அந்தப் போன்தான் கண்ணுக்குள்ள வரும், விரல் பட்டுதோ படேல்லயோ எண்டு பாத்துக்கொண்டே கிடப்பன்." என் முகத்தை அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "அப்ப நான் அமத்தினனான், என்ன மச்சான்?"

ஓம், மச்சான், நீங்கள் அமத்தினீங்கள், ஒவ்வொரு தரமும் அமத்தினீங்கள் என்று சொன்னேன். அவர் முகத்தை அந்த வலைக்குள் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

வாப்பா